கிழியாத புரட்டாசி இருபத்தொன்பது

வாகைக்குறிச்சியில் அந்த வருஷம், தினசரி காலண்டரின் தாள், தன் அடியில் அச்சாகியிருந்த பழைய வரி சொன்னதை வீட்டில் யாராவது ஒருவர் செய்து முடிக்கிறவரைக்கும் கிழிபடாமல் நின்றது. தாள் கிழிபடாத வீட்டில் நாளும் நகராமல் நின்றது. சூரியன் மறைந்து மறுபடி உதித்தாலும் அந்த வீட்டுக்குள் அதே செவ்வாய்க்கிழமைதான், தலையில் வைத்த பிச்சிப்பூ வாடாது, ஆட்டிவைத்த மாவு பொங்காது, உறை ஊற்றிய பால் பாலாகவே கிடக்கும். பிளேடால் அறுத்துப் பார்த்தார்கள், அடியிலும் அதே தேதி இருந்தது. ஜவுளிக்கடைக் காலண்டரை வாங்கிவந்து மாட்டிப் பார்த்தார்கள், அதுவும் ஆணியில் ஏறிய நிமிஷமே அந்தத் தேதிக்கு வந்து நின்றுகொண்டது. சொன்னதைச் செய்த கை எதுவோ அந்தக் கை போய்த் தொட்டால் மட்டும் தாள் வாழையிலை மாதிரி சர்ரென்று கிழிந்து வரும்.

ஊர் இதற்கு ஒரே வாரத்தில் பழகிவிட்டது. ஏன் இப்படி என்று கேட்டவர் ஒருவரும் இல்லை. பஸ் ஏன் வரவில்லை என்று கேட்டே பதில் கிடைக்காத ஊர் அது.

அந்தக் காலண்டர் பஞ்சாயத்துத் தலைவர் தவசிக்கனி வீட்டுக்கு வீடு இலவசமாகக் கொடுத்தது. மேலே அவர் கைகூப்பிச் சிரிக்கும் படம், கீழே தேதி. தேதிக்கு அடியில் என்ன போடுவது என்று அச்சகத்தில் கேட்டபோது, ராசிபலன் போட்டால் கெட்ட பலன் வந்தவன் தன்னைத்தான் திட்டுவான் என்று யோசித்து, பழைய பள்ளிக்கூடப் புத்தகம் ஒன்றிலிருந்து நல்ல நல்ல வரிகளாகப் பொறுக்கி நாளுக்கு ஒன்று போடச் சொல்லிவிட்டார். "முன்னூத்தி அறுபத்தஞ்சையும் போட்டுரும்வே. செய்யவா போறானுவ" என்று சிரித்தாராம். அந்த வரிகள் எதுவும் இங்கே எழுதப்படப் போவதில்லை. எழுதிவைத்து, வாசித்து, தலையை ஆட்டிவிட்டுப் போனதில் வந்த வினைதான் இத்தனையும்.

செய்யாமல் தீராது என்று ஆனபிறகு செய்தார்கள். குடிதண்ணீர்ப் பானையை மூடிவைக்கச் சொன்ன நாளில் மூடினார்கள், பசித்தபின் சாப்பிடச் சொன்ன நாளில் பசிக்கிறவரைக்கும் வயிற்றைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள், விதையைச் சோதித்துப் பார்த்து விதைக்கச் சொன்ன நாளில் பாதி விதை பொக்கு என்று கண்டுபிடித்தார்கள். கோபத்தில் வாய்க்கு வந்ததைப் பேசாமல் விழுங்கச் சொன்ன நாளில் மட்டும் கீழத்தெரு பதினொரு நாள் வியாழக்கிழமையிலேயே கிடந்தது. வழியில் பார்த்தால் "சாப்ட்டியளா" என்று கேட்ட ஊர் "எந்தத் தேதியில இருக்கிய" என்று கேட்க ஆரம்பித்தது. கல்யாணம் வைத்த வீட்டுக்காரர்கள் சம்பந்தி வீட்டையும் தங்கள் தேதிக்கு இழுத்து வருவதற்குள் நாக்குத் தள்ளிப் போனார்கள். மீன்காரர்களுக்கு நாள் நகராத தெருதான் வசதி, கூடையில் மீன் கெடாது. ஆனி மாதம் வந்த சுகாதார நர்ஸ், ஊரில் ஒரு வயிற்றுப்போக்குகூட இல்லை என்று நோட்டை இரண்டு தடவை புரட்டிப் பார்த்தாள்.

இதில் ஆண்களுக்கு ஒரு மனக்குறை. காலங்காலமாகக் காலையில் எழுந்து, சோம்பல் முறித்து, காலண்டர் தாளைக் கிழிப்பது வீட்டு ஆம்பிளையின் உரிமையாக இருந்தது. இப்போது செய்த கைதான் கிழிக்க முடியும் என்று ஆனதும், தாள் கிழிக்கிற வேலை முக்கால்வாசி வீட்டில் மருமகள்களிடம் போய்விட்டது.

பிரம்மசக்திக்கு இதைப் பார்க்கச் சிரிப்பு வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. பிரம்மசக்தி அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கிறவள், நாற்பத்திமூன்று வயது, புருஷன் இல்லை, ஒரே மகள். அறுபத்திமூன்று பிள்ளைகளுக்குத் தினமும் சோறு பொங்குகிற அவளுக்கு அந்தப் பழைய வரிகள் மேல் ஒரு வருத்தமும் கிடையாது. அவை நல்ல அரிவாள்மனை மாதிரி, காய் நறுக்க வைத்திருப்பது. அந்த ஊர்க்காரர்கள் அதை எடுத்து அடுத்தவர் விரலை நறுக்கியே பழகியவர்கள் என்பதுதான் அவள் கோபம். பன்னிரண்டு வயதில் பள்ளியை விட்டு நிறுத்தும்போது ஒரு வரி சொன்னார்கள், புருஷன் குடித்துவிட்டு அடித்தபோது ஒரு வரி சொன்னார்கள், அவன் செத்தபோது ஒரு வரி சொன்னார்கள், சொன்ன வாய் ஒன்றாவது ஒரு படி அரிசி கொண்டுவந்து வைத்ததில்லை. தண்ணீர்ப் பானையை மூடுகிற புத்தி வருவதற்கே தேதி நின்று கழுத்தைப் பிடிக்க வேண்டியிருந்ததே என்று அவள் அடுப்பைப் பார்த்துத் திட்டுவாள்.

அவளுக்கு இன்னொரு கோபம் இருந்தது, அதுதான் பெரியது. பள்ளிக்கூடத்து மேற்குச் சுவர். நாலு வருஷத்துக்கு முன்னால் தவசிக்கனியின் மச்சினர் காண்ட்ராக்ட் எடுத்துக் கட்டிய அந்தச் சுவரில் சாய்ந்துதான் பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்து சாப்பிடுவார்கள். அதில் மேலிருந்து கீழாக ஒரு விரிசல். தைப்பொங்கல் சமயத்தில் சாம்பார்க் கரண்டியின் காம்பு நுனி மட்டும் அதில் போனது, சித்திரையில் பாதிக் காம்பு போனது, ஆடியில் முழுக்காம்பும் போய் கரண்டி வாயில் வந்து இடித்தது. அவள் அந்தக் கரண்டியைத் தூக்கிக்கொண்டு தலைமையாசிரியர் எட்வின் சாரிடம் போனாள், அவர் மேலே எழுதியிருப்பதாகச் சொன்னார். தவசிக்கனியிடம் போனாள், அவர் "பாப்போம் பிரம்மசக்தி" என்றார். பிள்ளைகளை வேப்பமரத்தடிக்கு மாற்றி உட்காரவைத்தாள், ஆய்வுக்கு வந்த அதிகாரி பிள்ளைகள் மண்ணில் சாப்பிடுவதாகக் குறை எழுதினார், மறுநாளே பிள்ளைகள் திரும்பவும் சுவரடிக்கு வந்தார்கள். ஒருநாள் காரைக்கட்டி ஒன்று பெயர்ந்து சாம்பார் அண்டாவில் விழுந்தது, ஊர்க்காரர்கள் சாம்பார் கெட்டியாயிட்டு என்று சிரித்தார்கள். அந்தச் சிரிப்பை அவள் மறக்கவில்லை.

புரட்டாசி இருபத்தொன்பதாம் தேதித் தாளில் இருந்த வரி, மழை வந்தபின் அலறாமல், வருவதற்கு முன்னால் இற்றுப்போனதைச் செப்பம் செய்யச் சொன்னது. அன்றைக்குச் சாயங்காலம் நாலு மணிக்கு, தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருந்த பிரம்மசக்தியின் மகள் முப்பிடாதிக்கு வலி கண்டது.

பின்தங்கியிருந்த வீடுகளும் வந்து சேர்ந்துகொள்ள, ஊர் முழுக்க அந்த நாளில் நின்றுவிட்டது, ஒரு வீடு பாக்கியில்லாமல்.

எல்லோரும் வரியை வாசித்தார்கள், எல்லோரும் அவரவர் வீட்டுக்கூரையை அண்ணாந்து பார்த்தார்கள். இத்தனை நாளும் வரி வீட்டுக்கு வீடு தனித்தனியாகத்தானே பேசியது. ஓடு மாற்றினார்கள், வாசற்படியை உயர்த்தினார்கள், மாட்டுத்தொழுவத்துக்கு முட்டுக் கொடுத்தார்கள், செங்கலும் சிமெண்டும் மணலும் தெருத்தெருவாக இறங்கின, பூசிய பூச்சு நாள் நகராததால் காயாமல் ஈரமாகவே இருந்தது, விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்கள். தாள் கிழியவில்லை. கூரை பழுதில்லாதவன் கோழிக்கூண்டைச் செப்பம் செய்தான். தாள் கிழியவில்லை. மாவு பொங்காததால் இட்லி என்ற ஒன்றை மறந்து ஊரே உப்புமா தின்றது. மேற்கே மலைமேல் கறுத்துத் திரண்ட மேகம் ஊர் எல்லைக்கு வந்து, உள்ளே வர நாள் இல்லாமல், கட்டிப்போட்ட எருமையாக நின்றது.

முப்பிடாதிக்குத் தினமும் நாலு மணிக்கு வலி வந்தது. விளக்கு வைக்கிற நேரம்வரைக்கும் அவளைப் போட்டு முறுக்கிவிட்டு, பிள்ளையைத் தராமல், போய்விட்டது. மறுநாள் நாலு மணிக்குத் திரும்ப வந்தது. ஆட்டோ வைத்துப் பக்கத்து ஊர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள் பிரம்மசக்தி. அங்கே வயிற்றில் கைவைத்துப் பார்த்த நர்ஸம்மா, "இது இன்னும் முத நாள் வலிதாம்மா, உங்க ஊர்ல நாள் நவுந்தாத்தான் இது நவுரும்" என்று வருத்தமாகச் சொல்லித் திருப்பி அனுப்பினாள். ஆறு நாள், பத்து நாள், பதினாலு நாள்.

"யம்மா, என்னால முடியலம்மா. எம்புட்டு நாளைக்கும்மா இது?" என்று முப்பிடாதி கட்டில் சட்டத்தைக் கடித்தாள்.

"இன்னைக்கு ஒரு நாள்தான்ட்டி" என்றாள் பிரம்மசக்தி. சொல்லிவிட்டு, அது உண்மையாகவே இருப்பதை நினைத்து அவளுக்கு ரத்தம் கொதித்தது.

அவளுக்கு விஷயம் மூன்றாம் நாளே புரிந்துவிட்டது. இது வீட்டுக்கு வந்த வரி இல்லை, ஊருக்கு வந்த வரி. கரண்டியை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போய்ச் சொன்னாள். கேட்டவர்கள், அது பள்ளிக்கூடத்துச் சுவரு, கவருமெண்டுதாம்லா பாக்கணும் என்றார்கள். பதினைந்தாம் நாள் தவசிக்கனிக்கு ஒரு யோசனை வந்தது. வரி ஊர்க்காரர்கள் மனதில் சரியாகப் பதியவில்லை, அதனால்தான் தாள் நிற்கிறது என்று அவர் முடிவுகட்டி, பெயிண்டரை வரவழைத்து, பள்ளிக்கூடத்து மேற்குச் சுவரிலேயே, விரிசலைப் பட்டி வைத்து அடைத்து மஞ்சள் அடித்து, அந்த வரியை ஆளுயரச் சிவப்பு எழுத்தில் எழுதச் செய்தார். இற்றதைச் செப்பம் செய்யச் சொல்லும் வரி, இற்றுப்போன சுவர்மேல், கீழே அவர் பெயரோடு. எழுதிமுடித்த அன்று ஊர்க்கூட்டமும் அங்கேயே போட்டார். பிள்ளைகளைச் சுவரடியில் உட்காரவைத்து வரியை ஒரே குரலில் வாசிக்கச் சொன்னார்கள், பிள்ளைகள் ராகம்போட்டு வாசித்தன, பெரியவர்கள் கைதட்டினார்கள்.

பிரம்மசக்திக்கு உச்சந்தலை சுட்டது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"அண்ணாச்சி, அது சுவத்துல எழுதச் சொல்லல. சுவத்தச் செய்யச் சொல்லுது."

தவசிக்கனி கோபப்படவில்லை. காலண்டரில் சிரிப்பதுபோலவே சிரித்தார். "ஏ பிரம்மசக்தி, நல்லா யோசிச்சுப் பாரு. இந்தச் சுவரு விழணும்னா அதுக்கு ஒரு நாள் வேணும்லா? நாளே வரலன்னா அது எங்க இருந்து விழும்? இந்தத் தேதி நிக்கிற வரைக்கும் சுவரும் நிக்கும், புள்ளையளும் பத்திரம். இத இடிச்சுக் கட்டுதேன்னு ஏன் நாளத் தொறந்து விடணும்ங்கேன்."

கூட்டத்தில் பலருக்கு அது சரியாகப் பட்டது. ஒருவர், "நமக்கும் வயசு ஏறல பாத்தியளா" என்றார். இன்னொருவர், "உப்புமா ஒண்ணும் மோசமில்ல" என்றார். சிரிப்பு எழுந்தது, சாம்பார் அண்டாவைப் பார்த்துச் சிரித்த அதே சிரிப்பு.

"அப்போ எம்மவ?" என்றாள் பிரம்மசக்தி. "பதினஞ்சு நாளா நாலு மணிக்கு நாலு மணிக்குச் செத்துப் பொழைக்காளே, அவ?"

"பொறுத்துக்கச் சொல்லு. பொம்பளையளுக்குன்னு அந்தக் காலத்துலயே ஒரு வரி..."

"சொல்லாதிய!" அவள் போட்ட சத்தத்தில் வேப்பமரத்துக் காக்கைகள் எழும்பின. "அந்த வரிய இன்னொரு தடவ என்கிட்டச் சொன்னா நடக்கிறது வேற. வரி நல்ல வரிதான் அண்ணாச்சி, சொல்லுத வாய்தான் சரியில்ல. பொறுக்கச் சொல்லுத வரிய ஒரு நாளாவது நீங்க பொறுத்துக் காட்டியிருக்கியளா? பாத்துச் செய்யச் சொல்லுத வரிய ஒங்க மச்சினனுக்கு ஒரு நாளாவது வாசிச்சுக் காட்டியிருக்கியளா? எங்களுக்கு மட்டும் எழுதுன மாதிரில்லா எல்லாத்தையும் எங்க தலையில ஒட்டுதிய!"

பிள்ளைகளை எழுந்து மரத்தடிக்குப் போகச் சொன்னாள். அவள் சொன்னால் அறுபத்திமூன்றும் எழும், சோறு போடுகிற குரல் அது. விறகுக் கொட்டடிக்குள் போய்க் கடப்பாரையை எடுத்துவந்தாள். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, சிவப்பு எழுத்தின் நடுவில், பட்டி வைத்து மூடிய விரிசலில், ஓங்கிக் குத்தினாள்.

"யம்மா, அரசாங்கச் சொத்தும்மா அது!" என்று எட்வின் சார் பதறி ஓடிவந்தார்.

"புள்ளைய யாரு சொத்து சார்?" என்றாள், திரும்பாமல். இரண்டாவது குத்து.

மூன்றாவது குத்தில் ஒரு பாளம் பெயர்ந்து விழுந்தது. உள்ளே செங்கல் இல்லை. கசக்கித் திணித்த வெறும் சிமெண்டுச் சாக்குகள் இருந்தன, பீர் பாட்டில் சில்லுகள் இருந்தன, மண் இருந்தது. நாலு வருஷமாகப் பிள்ளைகள் முதுகு சாய்த்திருந்தது வெறும் சாக்கில். கூட்டத்தில் யாரும் தவசிக்கனியைப் பார்க்கவில்லை, தன் தன் பிள்ளை எங்கே நிற்கிறது என்றுதான் மரத்தடியைப் பார்த்தார்கள். ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

அப்போது தவசிக்கனியின் மனைவி தங்கப்பழம், கூட்டங்களில் நாற்காலியில் உட்காரும் புருஷனுக்குப் பின்னால் முப்பது வருஷமாக நின்றே பழகியவள், வளையலைக் கழற்றி முந்தியில் முடிந்துகொண்டு நடந்துவந்தாள்.

"மயினி, ஒரு ஓரமாத் தள்ளுங்க. நானும் போடுதேன்."

"ஏட்டி!" என்றார் தவசிக்கனி.

தங்கப்பழம் கடப்பாரையை வாங்கி ஓங்கினாள். அதன்பிறகு யார் முன்னால் வந்தது, யார் பின்னால் வந்தது என்று கணக்கில்லை. சாயங்காலத்துக்குள் சுவர் தரைமட்டம். கேரளாவுக்குக் கொத்தனார் வேலைக்குப் போகிறவர்கள் ஊரில் பன்னிரண்டு பேர் இருந்தார்கள், அவர்கள் நூல் பிடித்தார்கள். வாசற்படியை உயர்த்தியவன் தன் வாசற்படிச் செங்கலைப் பெயர்த்துக் கொண்டுவந்தான், கோழிக்கூண்டு கட்டியவன் கோழிக்கூண்டைக் கொண்டுவந்தான், காயாத பூச்சைச் சட்டியில் வழித்துக் கொண்டுவந்தார்கள். இத்தனை செங்கலும் இத்தனை நாளும் தெருவிலேயே கிடந்ததே, இத்தனை கையும் சும்மா தொங்கிக்கொண்டிருந்ததே என்று பிரம்மசக்தி மண் சுமக்கிற நேரமெல்லாம் சத்தம்போட்டுத் திட்டிக்கொண்டே சுமந்தாள், மற்றவர்கள் வாங்கிக்கொண்டார்கள். நாலு மணிக்கு மகளிடம் போய்க் கையைக் கொடுத்துவிட்டு, விளக்கு வைத்ததும் தூங்கி, விடிந்ததும் திரும்பி வந்து சுமந்தாள். அஸ்திவாரத்திலிருந்து ஆளுயரத்துக்கு மேல் சுவர் எழும்ப நாலு நாள் ஆனது, நாலும் புரட்டாசி இருபத்தொன்பது.

கடைசிச் செங்கல் வரிசை வைக்கும்போது, மேல் மூலையில் ஒரே ஒரு செங்கலுக்கு இடம் பாக்கி இருந்தது. கொத்தனார் செங்கலை எடுத்தார். பிரம்மசக்தி அவர் கையைப் பிடித்தாள்.

"இது அண்ணாச்சிக்கு."

ஆள் அனுப்பினார்கள். ஊர் பார்க்க நான் கல் சுமக்கவா என்று தவசிக்கனி கேட்டுவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டார். அந்த ஒரு கல் இல்லாததால் சுவருக்குக் குறைவில்லை என்று கொத்தனார்கள் சொன்னார்கள். செங்கல் சுவரடியில் வைக்கப்பட்டது.

அப்போது மணி நாலு. பிரம்மசக்தி சிமெண்டு அரித்த கையைக் கழுவக்கூட நிற்காமல் வீட்டுக்கு ஓடினாள். உள்ளே முப்பிடாதி அலறுகிற சத்தம், தெருமுனைக்குக் கேட்டது. காலண்டர்முன் போய் நின்றாள். இப்போதும் வரவில்லையென்றால் என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை, ஊரைக் கொளுத்துவது ஒன்றுதான் பாக்கி. தாளின் ஓரத்தைப் பிடித்து இழுத்தாள்.

சர்ரென்று வந்தது.

அடுத்த வீட்டிலும் அதே சத்தம், எதிர்வீட்டிலும் அதே சத்தம், தெருத்தெருவாகத் தாள் கிழிகிற சத்தம், பிறகு இடிச்சத்தம். எல்லையில் நின்ற மேகம் உள்ளே வந்தது. பத்தொன்பது நாள் மாவு எல்லாப் பாத்திரத்திலும் ஒன்றாகப் பொங்கி அடுக்களைத் தரையில் வழிந்தது. புதுச்சுவர் இன்னும் ஈரம் என்று ஊரே தார்ப்பாயும் பனையோலையுமாக ஓடிப்போய், விடியவிடிய முறைபோட்டு அதைப் போர்த்திப் பிடித்தபடி நின்றது. முப்பிடாதிக்குப் பெண் பிறந்தது.

தங்கப்பழம் அன்றே தங்கை வீட்டுக்குப் போய்விட்டாள். செங்கல் சுமந்த அவள் கை தொட்டால் தவசிக்கனி வீட்டுத் தாளும் கிழிந்துவிடும் என்று சொல்லிச் சொந்தக்காரர்கள் வந்து கெஞ்சினார்கள். "முப்பது வருசமா அவியளுக்குச் சேத்து நான்தான் எல்லாம் செஞ்சேன். இதையும் செஞ்சா இதுவும் அவிய செஞ்சதாயிரும்" என்றாள். இன்றுவரைக்கும் தொடவில்லை.

ஏழு வருஷம் ஆகிறது. முப்பிடாதியின் மகள் அந்தச் சுவரில் சாய்ந்துதான் சாப்பிடுகிறாள். சுவரில் ஒன்றும் எழுதவில்லை. எழுத வந்த பெயிண்டரைப் பிரம்மசக்தி கரண்டியைக் காட்டித் துரத்தினாள். மேல் மூலை ஓட்டை வழியாகச் சாயங்கால வெயில் ஒரு செங்கல் அளவுக்கு உள்ளே விழுகிறது, பிள்ளைகள் அதில் கைநிழல் காட்டி விளையாடுகின்றன. தவசிக்கனி வீட்டு முற்றத்துச் செம்பருத்தி அன்றைக்குப் பூத்த பூவோடேயே நிற்கிறது. அவருக்கு ஒரு முடி நரைக்கவில்லை, காலண்டர் படத்தில் இருக்கிறபடியே இருக்கிறார். கேட்டைப் பிடித்துக்கொண்டு போகிறவர் வருகிறவர் முகத்தையெல்லாம் பார்க்கிறார். தெரிந்த முகங்கள் கிழடுதட்டுவதையும், தெரியாத பிள்ளைகள் உயர்ந்து வருவதையும் பார்க்கிறார். காலையில் பள்ளிக்கூடத்துக்கு அரிசி களையப் போகிற பிரம்மசக்தியைக் கண்டால் மட்டும் கேட்பார்.

"பிரம்மசக்தி, இன்னைக்கு என்ன தேதி?"

"ஒங்களுக்குப் புரட்டாசி இருவத்தொம்பது அண்ணாச்சி" என்பாள், நடையை நிறுத்தாமல். "செங்கல் அங்கனயேதான் கெடக்கு."